மலை ஏற ஏறப் பூக்கும் தாவரங்கள் குறையுமா, கூடுமா?

மலையில் மேலே போகப் போகக் குளிரும், குளிர்ந்தால் செடிகொடி குறையும், உச்சிக்குப் போனால் வெறும் பாறைதான். நம்மில் பெரும்பாலானோர் மனதில் இருக்கிற கணக்கு இது. பள்ளிப் புத்தகத்திலும் ஒரு முக்கோணம் வரைந்து, கீழே பச்சை, நடுவே வெளிர்பச்சை, மேலே வெள்ளை என்று வண்ணமடித்து முடித்துவிடுவார்கள். அதை ஒரேயடியாகத் தவறென்று தள்ளவும் முடியாது. ஆனால் வெப்பமண்டல மலைகளில் ஒவ்வோர் உயரத்திலும் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்களுக்குப் பல இடங்களில் வேறு மாதிரி விடை வந்தது. அடிவாரத்திலிருந்து ஏற ஏற இனங்கள் கூடுகின்றன, நடுவில் எங்கேயோ உச்சத்தைத் தொடுகின்றன, அதற்கப்புறம்தான் இறங்குமுகம். தாளில் வரைந்தால் கோட்டுக்கு நடுவில் ஒரு கூன் விழுந்திருக்கும்.

அந்தக் கூன் எப்படி வருகிறது, எங்கே வராது என்று பார்ப்போம். அதற்கு முன் சின்னதாக ஒரு தெளிவு. பூக்கும் தாவரம் என்றதும் ரோஜா, மல்லி, சாமந்தி என்று தோட்டத்துச் செடிகளை மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஆலமரமும் பூக்கும் தாவரம்தான், அருகம்புல்லும் அப்படித்தான், தென்னை, மூங்கில், நெல் எல்லாமே இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை. பெரணி, பாசி, பைன் மரம் போன்றவை மட்டும் இதில் வராது.

சரி, ஒரு மலையைக் கையில் எடுத்துக்கொண்டால்தான் விஷயம் பிடிபடும். கினபாலுவை எடுத்துக்கொள்வோம். போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கிறது. உயரம் 4,095 மீட்டர். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஆறு டிகிரிதான், அதாவது கன்னியாகுமரியைவிடவும் தெற்கே. அடிவாரத்து மழைக்காட்டில் ஆரம்பித்து உச்சிப் பாறை வரைக்கும் பாதுகாக்கப்பட்ட காடாகவே தொடர்ந்து ஏறிப்போகிற மலைகள் உலகத்தில் அதிகம் இல்லை, அந்தச் சிலவற்றில் இது ஒன்று. 1964-இல் தேசியப் பூங்கா ஆனது, 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பூங்காவின் பரப்பு சுமார் 754 சதுர கிலோமீட்டர். அதற்குள் பெரணிகளையும் சேர்த்து 5,000 முதல் 6,000 வரை தாவர இனங்கள் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1,30,000 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிற தமிழ்நாடு முழுவதற்கும் பூக்கும் தாவரங்கள் சுமார் 5,600 என்பார்கள். ஒற்றை மலை ஒரு மாநிலத்தோடு சரிக்குச் சரி நிற்கிறது!

இவ்வளவும் எப்படி ஒரு மலைக்குள் அடங்கின? மேலே ஏறிப் பார்த்தால் புரியும்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை

பொரிங் என்கிற இடம் சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன இடம். அந்த உயரத்தில் காடு என்றால் நம் குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ராட்சத மரங்கள்தான், ஐம்பது மீட்டருக்கும் மேலே போய்த்தான் கிளை விரிக்கும். கீழே வெளிச்சம் குறைவு, புழுக்கம் அதிகம். இந்த மலையில் அத்தியில் மட்டும் 70-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை மலையின் கீழ்ப்பகுதியிலேயே நின்றுவிடுகின்றன. ரஃப்ளீசியாவும் இங்கேதான். இலை கிடையாது, தண்டு கிடையாது, நம் பிரண்டையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக்கொடிக்குள் ஒட்டுண்ணியாக ஒளிந்திருந்துவிட்டு, ஒருநாள் முக்கால் மீட்டர் அகலத்தில் சிவப்பாக ஒரு பூவை மட்டும் வெளியே தள்ளும். நாற்றம் குடலைப் புரட்டும், ஈக்களுக்கு அதுதான் அழைப்பு.

1,200 மீட்டரைத் தாண்டும்போது மரங்களே மாறிவிடுகின்றன. குங்கிலியக் கூட்டம் விடைபெற, ஓக், செஸ்ட்நட் குடும்பமும், பட்டை, லவங்கப்பத்திரி வருகிற குடும்பமும், நாவல் குடும்பமும் இடத்தைப் பிடிக்கின்றன. ஓக் என்றால் ஐரோப்பிய மரம் என்று நினைப்போம், போர்னியோ மலைகளில் அதன் சொந்தக்காரர்கள் வகைவகையாகக் கொட்டிக் கிடக்கிறார்கள். பூங்காவின் தலைமையகம் இருப்பது சுமார் 1,500 மீட்டரில். சமவெளியின் கசகசப்பு போய், சாயங்காலம் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படுகிற உயரம்.

2,000 மீட்டருக்கு மேலே மேகத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறோம். இங்கே கொஞ்சம் நின்று ஒரு கிளையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பட்டையே கண்ணுக்குத் தெரியாது, கை தடிமனுக்குப் பாசி. அழுத்தினால் தண்ணீர் சொட்டும். அந்தப் பாசிக்குள் அரிசி நீளத்துக்கு இலை வைத்திருக்கிற ஓர் ஆர்க்கிட், அதன் பூவைப் பார்க்க லென்ஸ் வேண்டும். பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் மணிமணியாகப் பூத்திருக்கிற ஒரு ரோடோடென்ட்ரான் புதர், அது மண்ணில் நிற்கவில்லை, கிளையில்தான் வேரூன்றியிருக்கிறது. இப்படி அடுத்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, அதன் சாற்றை உறிஞ்சாமல், மழையையும் மேகத்தையும் நம்பிப் பிழைப்பவற்றைத் தொற்றுத்தாவரங்கள் என்கிறோம். மரம் இவற்றுக்கு வெறும் இருக்கை மட்டும்தான். இந்த மலையில் ஆர்க்கிட் மட்டும் 700 இனங்களுக்கு மேல் என்றால், அதில் பெரும்பங்கு இந்த மாதிரிக் கிளைவாசிகள்.

குடுவைச்செடிகளின் ராஜ்ஜியமும் இந்த உயரத்தில்தான். நெப்பந்திஸ் ராஜா என்ற செடியின் குடுவை இரண்டு லிட்டருக்கும் மேல் நீர் பிடிக்கும், அது கினபாலுவிலும் பக்கத்து தம்புயூகோன் மலையிலும் மட்டுமே வளர்வது. நெப்பந்திஸ் லோவியின் கதை அதைவிடச் சுவாரசியம். குடுவைச்செடி என்றால் பூச்சி பிடித்துத் தின்னும் என்று படித்திருப்போம், மலையில் இவ்வளவு உயரத்தில் எறும்பு குறைச்சல். ஆகவே இந்தச் செடியின் மூடியில் இனிப்பான ஒரு கசிவு உண்டு. மர மூஞ்சூறு என்கிற, பார்க்க அணில் மாதிரி இருக்கிற பிராணி குடுவையின் விளிம்பில் உட்கார்ந்து அதை நக்கும், நக்கும்போதே உள்ளே கழிக்கும். அந்த எச்சம்தான் செடிக்கு எரு. இலையில் இருக்கிற நைட்ரஜனில் பாதிக்கு மேல் இப்படி வந்ததுதான் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். செடிக்குக் கழிப்பறையாக இருப்பதில் ஒரு சங்கடமும் இல்லை.

3,000 மீட்டரை நெருங்கும்போது மரங்கள் குள்ளமாகிவிடும், முறுக்கிக்கொண்டு நிற்கும். இங்கே அதிகம் கண்ணில் படுவது கொய்யா, நாவல் குடும்பத்தைச் சேர்ந்த லெப்டோஸ்பெர்மம். இலை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, விளிம்பு கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். இதற்கும் மேலே கிரானைட் பாறை. வெடிப்புகளில் சேர்ந்த கொஞ்சம் மண்ணில் மஞ்சள் பூக்கிற ரானன்குலஸ், பொட்டென்டில்லா மாதிரிச் சின்னச் செடிகள், ஒருசில புற்கள், ஒரு குட்டை ரோடோடென்ட்ரான். இந்த உச்சியில் பனியுகத்தில் பனிப்பாறையே இருந்திருக்கிறது. அடிவாரத்தில் ஒரு ஹெக்டேரில் இருக்கிற மர இனங்களை எண்ணி முடிக்கப் பல நாள் ஆகும், இங்கே மொத்தச் செடிகளையும் ஒரு காலைப்பொழுதில் எண்ணிவிடலாம்.

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது

இப்போது கணக்குக்கு வருவோம். மரங்களை மட்டும் எண்ணினால் பள்ளிப் புத்தக முக்கோணம் கிட்டத்தட்டச் சரிதான். கினபாலுவில் 700, 1,700, 2,700, 3,100 மீட்டர் உயரங்களில் அளந்து கட்டிய நிலத்துண்டுகளில் மரங்களை எண்ணியபோது மேலே போகப் போக இனங்களும் குறைந்தன, மரத்தின் உயரமும் குறைந்தது. ஆனால் தொற்றுத்தாவரங்களை எண்ணினால் கோடு கூன் போடும். ஆர்க்கிட்டுகளுக்கும் அதே கதை. இந்த இரண்டையும் மற்றவற்றோடு கூட்டி மொத்தக் கணக்கு போட்டால் மரங்களின் சரிவை மறைத்துக்கொண்டு கூன்தான் மேலெழுகிறது.

கோஸ்டாரிகாவில் பார்வா என்கிற எரிமலைச் சரிவில் இதையே தொற்றுத்தாவரங்களுக்கு மட்டும் தனியாகப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்து 2,900 மீட்டர் வரை, மரமேறித் தேடியதில் 555 இனங்கள் கிடைத்தன. இனங்கள் அதிகமாகக் குவிந்திருந்தது சுமார் 1,000 மீட்டரில். கடல் தாண்டி, கண்டம் தாண்டி, வேறு குடும்பத்துச் செடிகள், ஆனாலும் அதே கூன்.

அப்படியென்றால் கூன் எங்கிருந்து வருகிறது? ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனால் வசதியாகத்தான் இருக்கும், ஆனால் உயரம் என்பதே ஒரு காரணம் கிடையாது. எந்தச் செடியும் தான் எத்தனை மீட்டரில் இருக்கிறோம் என்று உணர்வதில்லை. அதற்குத் தெரிவது வெப்பம், ஈரம், வெளிச்சம், மண், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பவை. உயரம் மாறும்போது இவை எல்லாமே சேர்ந்து மாறுகின்றன, ஆனால் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. சிக்கலே அதுதான்.

வெப்பம் நேர்கோட்டில் குறைகிறது. கினபாலுவில் 100 மீட்டருக்கு சுமார் 0.55 டிகிரி. கடல் மட்டத்தில் ஆண்டுச் சராசரி 27 டிகிரி என்றால் உச்சியில் ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வெப்பம் ஒன்றை மட்டும் பார்த்தால் கீழே அதிகம், மேலே குறைவு என்று முடிந்திருக்கும்.

ஈரம் அப்படி இல்லை. கடலிலிருந்து வருகிற சூடான ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும், ஏறும்போது குளிரும், குளிர்ந்தால் தன்னிடமுள்ள நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, மேகமாகிவிடும். ஆகவே மேகம் அடிவாரத்திலும் அதிகம் தங்காது, உச்சியிலும் பெரும்பாலும் தங்காது, நடுவில் ஒரு பட்டையாகச் சுற்றி நிற்கும். மண்ணில் வேர்விட்ட மரத்துக்கு இரண்டு நாள் மழை இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. கிளையில் உட்கார்ந்திருக்கிற ஆர்க்கிட்டுக்கு அப்படி முடியுமா? வெயிலில் காய்ந்த கிளையில் அது சில மணி நேரத்திலேயே வாடத் தொடங்கும். நாளெல்லாம் நனைந்தே இருக்கிற மேகப்பட்டையில்தான் அதற்கு நிம்மதி. குளிர் இன்னும் கொல்லுகிற அளவுக்கு வரவில்லை, ஈரமோ கொட்டிக் கிடக்கிறது, இந்த இரண்டும் ஒத்துப்போகிற இடம் நடுவில் இருக்கிறது. என்னைக் கேட்டால் கூனுக்குப் பாதிக் காரணம் இதுவே போதும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் விநோதமானது, தாவரவியலே தேவையில்லை, வெறும் கணக்குதான். 4,000 மீட்டர் மலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செடி 2,500 மீட்டர் அளவுக்குப் பரவி வாழக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அது அடியிலிருந்து ஆரம்பித்தால் 0 முதல் 2,500 வரை இருக்கும். உச்சியை ஒட்டி இருந்தால் 1,500 முதல் 4,000 வரை. எங்கே வைத்தாலும் 1,500-க்கும் 2,500-க்கும் இடைப்பட்ட பகுதியில் அது இருந்தே தீரும், தப்பிக்க வழியில்லை. இப்படி அகலமாகப் பரவுகிற செடிகள் நிறைய இருந்தால் அவை எல்லாம் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஒரு காரணமும் இல்லாமலேயே நடுவில் எண்ணிக்கை கூடிவிடும். ராபர்ட் கோல்வெல் என்ற அமெரிக்க உயிரியலாளரும் கூட்டாளிகளும் 1990-களில் இதைப் பெரிய விவாதமாக்கினார்கள். ‘இது வெறும் கணக்கு வித்தை, இயற்கையில் எதையும் விளக்காது’ என்று எதிர்த்தவர்களும் உண்டு. குறுகிய பட்டையில் வாழ்கிற செடிகளுக்கு இது பொருந்தாது என்பது நியாயமான எதிர்ப்புதான்.

அந்தக் குறுகிய பட்டை விஷயம் வெப்பமண்டலத்தில் ரொம்ப முக்கியம், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டில்லியில் ஜனவரி மாதச் சராசரி வெப்பம் சுமார் 14 டிகிரி, ஜூனில் சுமார் 33. வித்தியாசம் 19 டிகிரி. கினபாலுவின் கணக்கில் 19 டிகிரி என்பது கிட்டத்தட்ட 3,450 மீட்டர் ஏற்றம். அதாவது டில்லியில் தெருவோரம் நிற்கிற வேப்பமரம், நின்ற இடத்திலேயே, வருடா வருடம் ஒரு பெரிய மலையில் ஏறி இறங்குகிறது. கினபாலுவில் 1,500 மீட்டரில் நிற்கிற மரத்துக்கோ வருடம் முழுக்க மாதச் சராசரி இரண்டு டிகிரிகூட மாறாது. ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். பிறந்ததிலிருந்து ஒரே வெப்பத்தைப் பார்த்து வளர்ந்த செடிக்கு நானூறு ஐந்நூறு மீட்டர் மேலே போவதே அந்நிய தேசம். வெப்பமண்டலத்தில் மலைக் கணவாய்கள் அதிக உயரம் என்று டேனியல் ஜான்ஸன் (Janzen) என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1967-இல் எழுதியது இதைத்தான். மீட்டரில் அளந்தால் உயரம் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் குளிரையே அறியாத உயிருக்கு அதைக் கடப்பது கடினம். ஆகவே இங்கே ஒரே மலையில் பல செடிகள் ஆளுக்கொரு குறுகிய பட்டையைப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காக வாழ முடிகிறது.

பட்டைகள் சந்திக்கிற இடத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்திருப்பார்கள், எண்ணிக்கையும் கூடும். நெப்பந்திஸ் ராஜா கீழே, நெப்பந்திஸ் வில்லோசா மேலே. இரண்டின் எல்லையும் உரசுகிற உயரத்தில் இரண்டுக்கும் பிறந்த கலப்பினம் ஒன்று வளர்கிறது, அதற்கு மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பரப்பளவையும் சொல்ல வேண்டும். மலை மேலே போகப் போக ஒடுங்கும், இடம் குறைந்தால் இனமும் குறையும். இது புரியாத விஷயமில்லை, விட்டுவிடலாம்.

எண்ணிக்கை குறையும் இடத்தில் அரியவை கூடும்

உச்சியில் செடிகள் கொஞ்சம்தான் என்றேன். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் எத்தனை உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை என்று கேட்டால் விடை தலைகீழாகிவிடும். தீவுகள், மலைகள் எனப் பல இடங்களின் தாவரப் பட்டியல்களை ஒப்பிட்டவர்கள் கண்டது: உயரம் கூடக் கூட, மொத்த இனங்களில் அந்த இடத்துக்கு மட்டுமே உரியவற்றின் பங்கு கூடுகிறது. காரணம் தனிமை. கினபாலுவின் 3,500 மீட்டர் குளிருக்குப் பழகிய செடிக்குச் சுற்றிலும் இருக்கிற சூடான சமவெளி கடல் மாதிரி. விதை பறந்து போனாலும் முளைக்க இன்னொரு குளிர்ந்த உச்சி பக்கத்தில் கிடையாது.

அந்தச் செடிகள் எங்கிருந்து வந்தன என்பதும் நல்ல கேள்வி. மலையே இளசு, நிலவியல் கணக்கில் ஒரு கோடி வருடம்கூட ஆகவில்லை. 2015-இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, அங்கு மட்டுமே உள்ள இனங்களில் பெரும்பாலானவை மலையைவிட இளையவை என்று காட்டியது. சிலவற்றின் முன்னோர் தொலைவில் வேறு குளிர்ந்த இடங்களில் ஏற்கெனவே குளிருக்குப் பழகியவர்கள், காற்றிலோ பறவையிலோ வந்து இறங்கியிருக்கிறார்கள். மற்றவை அடிவாரத்திலிருந்தே மெல்ல மெல்ல மேலேறிப் பழகிக்கொண்டவை.

மண்ணும் தன் பங்குக்கு விளையாடும். கினபாலுவின் சில சரிவுகளில் மெக்னீசியமும் நிக்கலும் அதிகமான, சத்துக் குறைந்த பாறைமண். மற்ற செடிகளுக்கு அது நஞ்சு. அதே உயரத்தில் பக்கத்துச் சரிவில் ஓங்கி வளர்கிற காடு இந்த மண்ணில் குட்டையாகிவிடும். ஆனால் இதற்கென்றே பழகியவை உண்டு. நெப்பந்திஸ் ராஜா அப்படிப்பட்டதுதான். சபாவில் நம் கீழாநெல்லியின் பேரினத்தைச் சேர்ந்த சில மரங்கள் நிக்கலை உறிஞ்சி உறிஞ்சி உடம்பிலேயே சேர்த்து வைக்கின்றன, பட்டையைக் கீறினால் சாறு பச்சைப் பசேலென்று வழியும். உயரத்தை மட்டும் வைத்துக் கோடு போட்டால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

நம் ஊரில் பார்த்தால்

கினபாலுவின் அடிவாரம் ஈரமானது. அடிவாரமே காய்ந்து கிடந்தால்? நீலகிரியை எடுத்துக்கொள்ளலாம், ஒரே மலை இரண்டு விதமாக நடந்துகொள்ளும். மேட்டுப்பாளையம் பக்கம் மழைமறைவு. உடைமரமும் கள்ளியும் நிற்கிற முள்காட்டிலிருந்து பயணம் ஆரம்பிக்கிறது. கல்லாறு தாண்டிப் பர்லியாரை நெருங்கும்போது பேருந்துக்குள் காற்றே மாறும், சாலையோரம் மங்குஸ்தானும் பலாவும் விற்பார்கள், சரிவில் பசுமைக்காடு தொடங்கியிருக்கும். இந்தப் பக்கம் ஏற ஏற வெப்பம் குறைந்தாலும் ஈரம் கூடுகிறது, ஆகவே கோடு முதலில் ஏறுவது இயல்பு. மேற்கே நிலம்பூர் பக்கமிருந்து ஏறினால் அடிவாரத்திலேயே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது, மரங்களைப் பொறுத்தவரை கீழேயே செழிப்பு. ஒரே மலையில் ஒரே 500 மீட்டர் உயரம், கிழக்கில் முள், மேற்கில் மழைக்காடு. இத்தனை மீட்டரில் இத்தனை இனம் என்று ஒரு வாய்பாடு போட முடியாததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மேலே 2,000 மீட்டருக்கு அப்புறம் நீலகிரிக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி, நடுவில் கத்தியால் வெட்டியதுபோல எல்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளியில் உறைபனி விழும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் அதில் கருகிவிடுவது இந்த எல்லை நகராமல் இருக்க ஒரு காரணம். உறைபனிக்கு அஞ்சாமல் புல்வெளியில் தனியாக நிற்கிற மரம் ஒன்று உண்டு, சிவப்பாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். காட்டுப்பூவரசு என்பார்கள், அதுவும் ஒரு ரோடோடென்ட்ரான்தான், கினபாலு கிளைகளில் பார்த்ததன் உறவினர். 2006-லும் 2018-லும் கூட்டமாகப் பூத்த குறிஞ்சியும் இந்தப் புல்வெளிச் சரிவுகளின் சொத்து.

இன்று ஊட்டிச் சாலையில் இறங்கி எண்ணப் போகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), வாட்டில் என்கிற சீகை மரமும் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை, உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்தேறிகளும் ஆளுக்கொரு பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, உண்ணிச்செடி கீழ்ச்சரிவுகளில், சீகை மேலே. அவற்றையும் சேர்த்து எண்ணினால் ஒரு கோடு, விட்டுவிட்டு எண்ணினால் இன்னொரு கோடு. இயல்பான தாவரங்களைப் பற்றிப் பேசுகிறோமென்றால் விட்டுவிட்டு எண்ணுவதுதான் முறை.

எண்ணியவர்கள் எங்கே தங்கினார்கள்?

கூன் சில நேரம் பொய்யாகவும் இருக்கலாம். கினபாலுவில் ஜோசப் கிளெமென்ஸ், மேரி கிளெமென்ஸ் என்ற தம்பதியர் 1930-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் செடிகளைச் சேகரித்தார்கள். அவர்களுடைய முகாம்களில் ஒன்று தெனோம்போக், உயரம் சுமார் 1,500 மீட்டர். பின்னால் பூங்காவின் தலைமையகமும் ஏறக்குறைய அதே உயரத்தில் அமைந்தது. தங்குவதற்கு இடமும் நடப்பதற்குப் பாதையும் இருக்கிற உயரத்தில் அதிகம் தேடுவார்கள், அதிகம் தேடினால் அதிகம் கிடைக்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் ஒவ்வோர் உயரத்திலும் எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன என்பதைக் கழித்துவிட்டுப் பார்க்கிறார்கள். அடிவாரத்துக்கு இன்னொரு அநியாயமும் நடக்கிறது. பூங்கா எல்லைக்கு வெளியே தாழ்நிலக் காடு பெருமளவு வயலாகவும் தோட்டமாகவும் மாறிவிட்டது. வெட்டிய காட்டில் இருந்தவற்றை எண்ண முடியாதே, கோட்டின் இடது முனை தன் பழைய உயரத்தைவிடத் தாழ்ந்து தெரிய அதுவும் காரணமாக இருக்கலாம்.

பூமி சூடாவதால் செடிகள் மேலே நகர்கின்றனவா என்பதற்கும் இந்தப் பழைய பதிவுகள்தான் ஆதாரம். ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் 1802-இல் எக்வடோரின் சிம்போராசோ மலையில் ஏறினார், எந்தச் செடி எந்த உயரத்தில் என்று குறித்த அவருடைய புகழ்பெற்ற குறுக்குவெட்டுப் படம் 1807-இல் வெளிவந்தது. 2012-இல் ஒரு குழு அதே மலைக்குப் போய் ஒப்பிட்டு, செடிகள் 500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டன என்று 2015-இல் அறிவித்தது. பிறகு வேறொரு குழு ஹம்போல்டின் மூலக் குறிப்புகளையும் உலர்மாதிரிகளையும் தோண்டியபோது, மேல்மட்டச் செடிகளில் பல சிம்போராசோவில் எடுத்தவையே இல்லை, அந்திசானா என்ற வேறு மலையில் எடுத்தவை என்று தெரிந்தது. அங்கே போய் மறுபடி அளந்ததில் ஏற்றம் 215 முதல் 266 மீட்டர் வரை என்று வந்தது. நகர்வு உண்மைதான், அளவு பாதியானது. ஒரு படத்தை அப்படியே தரவாக நம்பியதால் வந்த குழப்பம்.

மலைக்குப் போகும்போது நீங்களும் இதில் கை வைக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் மாதிரித் தளங்களில் செடியின் படத்தைப் போடும்போது இலை, பூ, மொத்தத் தோற்றம் மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் போடுங்கள். போனின் ஜிபிஎஸ் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம், பத்து இருபது மீட்டர் சாதாரணமாகத் தப்பும். இடத்தைச் சரியாகக் குறித்தால் உயரத்தை வரைபடத்திலிருந்து பிறகு எடுத்துக்கொள்ள முடியும். அரிய ஆர்க்கிட் கிடைத்தால் மட்டும் இடத்தை மறைத்துப் போடுங்கள், தளத்திலேயே அதற்கு வசதி உண்டு. கினபாலுவுக்கு மட்டுமே உரிய ரோத்ஸ்சைல்ட் செருப்பு ஆர்க்கிட்டைத் திருடர்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1880-களில் அதை முதலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன வியாபாரிகள், போட்டியாளர்கள் தேடி வந்துவிடக் கூடாதென்று நியூ கினியிலிருந்து வந்தது என்று பொய் சொல்லி வைத்தார்கள், அது உண்மையில் வளர்கிற இடம் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது 1959-இல்தான்.